அரைக் கூறு

1

நம்மூர் ஆற்றுத் திருவிழாவுக்கு வருகிற தை மாதம் மலர் போடப் போகிறார்களாம். அதற்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லி ஏழுமலை கேட்டிருக்கிறான். தலைப்பையும் அவனே கொடுத்துவிட்டான்: 'வடகரம்பட்டு: அமைவிடமும் மக்கள் தொகையும்'. ஏழுமலை என் சித்தப்பா மகன். ஊரின் தலைக்கட்டு நோட்டு இப்போது அவன் கையில்தான் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் பூகோளத்தில் நான் முதல் மதிப்பெண் வாங்கியதை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிற ஒரே ஆளும் அவன்தான்.

"பெங்களூர்லேருந்து சுமதி எழுதறாங்கன்னு போட்டா மலருக்கு ஒரு கெத்தா இருக்கும்க்கா" என்றான் போனில்.

என்ன கெத்தோ. விவேக் நகரில் இரண்டாவது மாடியில் இரண்டு அறை. கணவர் ஓர் அச்சகத்தில் மேஸ்திரி. நான் துணி ஏற்றுமதி செய்கிற ஒரு தையல் கூடத்தில் செக்கிங். நாளெல்லாம் அடுத்தவர் சட்டையில் தையல் விட்ட இடத்தைத் தேடுவது என் வேலை. மகள் நிவேதா பி.யூ.சி. முதல் வருடம், நம்மூர்க் கணக்கில் பதினொன்றாம் வகுப்பு. கெட்டும் பட்டணம் சேர் என்று சொல்லித்தான் அப்பா என்னை இங்கே கட்டிக்கொடுத்தார். சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது.

அவன் கேட்டதை எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வேறு பக்கம் போய்விட்டது. போடுவதும் கிழிப்பதும் அவன் இஷ்டம்.

2

முதலில் அமைவிடம்.

வடகரம்பட்டு தென்பெண்ணையின் வடகரையில், சாத்தனூர் அணைக்குக் கீழே, திருக்கோவிலூருக்கு மேற்கே இருக்கிறது. தெற்கே ஆறு, வடக்கே ஏரி, மேற்கே கரடு, கிழக்கே ரோடு. பள்ளிக்கூடத்தில் எல்லைகளை இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், இப்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆறு என்றால் வருடத்தில் பத்து மாதம் மணல். அணை திறந்தால் தண்ணீர். அதிகமாகத் திறந்தால் ஆற்றங்கரைத் தெருவில் நம் வீடு வரைக்கும் தண்ணீர்.

தென்பெண்ணை நந்தி மலையில் உற்பத்தியாகிறது என்று அன்றைக்குப் படித்தேன். பதினைந்து வயதில் எனக்கு நந்தி மலை இமயமலைக்குப் பக்கத்தில் எங்கோ இருந்தது. போன வருடம் எங்கள் தையல் கூடத்தில் எல்லாரையும் வேனில் ஏற்றி அங்கே டூர் கூட்டிப் போனார்கள். ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. சிப்ஸ் பாக்கெட்டும் குரங்கும்தான் பார்த்தேன்.

இங்கே வந்து பல வருடம் கழித்துத்தான் இன்னொன்று தெரிந்தது. விவேக் நகர்ச் சாக்கடை பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து வர்த்தூர் ஏரி. அது நிறைந்து வழிந்தால் தென்பெண்ணை. அப்புறம் ஓசூர், கிருஷ்ணகிரி, சாத்தனூர், வடகரம்பட்டு. நான் சட்டி கழுவி ஊற்றுகிற தண்ணீர் என்றைக்காவது ஒரு நாள் நம்மூர்ப் படித்துறையைத் தொடுகிறது. இருபத்திரண்டு வருடத்தில் நான் தவறாமல் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருப்பது இது ஒன்றுதான்.

இதை விளையாட்டாக அம்மாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து நான் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் பின்னால் வந்து நின்றாள்.

"சோப்பு கம்மியா போடுடி. நம்மூரு ஆத்துக்குத்தான போவுது."

3

அடுத்தது மக்கள் தொகை.

ரோட்டிலிருந்து ஊருக்குள் திரும்புகிற இடத்தில் ஒரு பலகை இருக்கிறது. ஊர் பெயர், ஒன்றியம், மாவட்டம், கீழே மக்கள் தொகை. அந்த எண்ணின் கடைசி இலக்கம் வெயிலில் உரிந்து விழுந்துவிட்டது. ஆயிரக்கணக்கில் இருந்த ஊர் நூற்றுக்கணக்கில் நிற்கிறது. யாரும் திருத்தவில்லை. மேட்டுத்தெருவில் பூட்டிக் கிடக்கிற வீடுகளைப் பார்த்தால், திருத்தாமல் விட்டதும் நல்லதற்குத்தான் என்று தோன்றும். திருப்பூருக்கு ஒரு கூட்டம், சென்னைக்கு ஒரு கூட்டம், எங்களைப் போலப் பெங்களூருக்கு ஒரு கூட்டம் என்று ஊர் கரைந்துவிட்டது.

பலகை அரசாங்கத்தின் கணக்கு. ஊரின் கணக்கு வேறு, அது தலைக்கட்டு நோட்டில் இருக்கிறது. ஆடி மாதம் கடைசி ஞாயிறு காளி கோயிலில் கிடா வெட்டி, கறியைக் கூறு போட்டு, ஆற்று மணலில் வரிசையாக இலை வைப்பார்கள். கல்யாணமான ஆண் ஒருவருக்கு ஒரு தலைக்கட்டு, ஒரு கூறு, ஒரு வாழையிலை. நோட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார்கள். 'இருக்கோம்' என்று குரல் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியூரில் இருந்தால் பங்காளி குரல் கொடுக்கலாம். மூன்று தரம் கூப்பிட்டும் குரல் வராவிட்டால் அந்த இடத்திலேயே பெயரை அடித்துவிடுவார்கள். வருடத்துக்கு ஒரு நாள் ஊர் தன்னைத்தானே எண்ணிக்கொள்வது இப்படித்தான்.

புருஷன் செத்துப்போனால் அந்த வீட்டுக்கு அரைக் கூறு. செத்தவர் பாதியைக் கையோடு கொண்டுபோய்விட்டார் என்று கணக்கு. அதற்கு வாழையிலை கிடையாது, ஏரியில் பறித்த தாமரை இலை. தண்ணீர்ப் பக்கமாகக் கடைசி வரிசை. அப்பா இறந்ததிலிருந்து எங்கள் வீட்டை 'கோவிந்தசாமி வூட்டு அரை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அம்மாவுக்குப் பச்சையம்மாள் என்று ஒரு பெயர் இருப்பது அந்த நோட்டுக்குத் தெரியாது. பெண்பிள்ளைகள் நோட்டில் ஏறுவதே இல்லை, ஆகவே நான் அரைகூடக் கிடையாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனி முழுவதும் அதில் கிடையாது. பலகையில் இருக்கிறார்கள், நோட்டில் இல்லை. இதை அங்கே இருந்தவரைக்கும் நான் யாரையும் கேட்டதில்லை. இங்கே வந்து, நான்கு வீடு ஏறி இறங்கி, 'தமிழ்காரங்களா' என்று இழுத்துவிட்டு வீடு இல்லை என்று சொன்னவர்களைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது.

போன வருட ஆடியில் அம்மா பெங்களூரில் என் வீட்டில் இருந்தாள். எங்கள் அரைக்குப் பங்காளியாக ஏழுமலை குரல் கொடுத்துவிட்டு, அன்று சாயங்காலமே போன் பண்ணினான். மொத்தம் நூற்று எண்பத்தாறரைக் கூறு என்றான். அம்மா அந்த எண்ணை எங்கள் காலண்டரில் என்னைக் குறித்து வைக்கச் சொன்னாள். கேஸ் புக் பண்ணிய தேதிக்குப் பக்கத்தில் குறித்து வைத்தேன்.

4

அம்மா இங்கே வந்தது கண்ணுக்காக. இரண்டு கண்ணிலும் புரை. இரண்டு மாதத்தில் ஊருக்குத் திரும்புவதாகத்தான் பேச்சு.

செலவில்லாமல் ஆபரேஷன் நடக்க வேண்டுமானால் இந்த ஊர் ரேஷன் கார்டில் பெயர் இருக்க வேண்டும் என்றார்கள். கார்டில் சேர்க்க ஆதாரில் இந்த ஊர் விலாசம் வேண்டும் என்றார்கள். விலாசம் மாற்றுகிற மையத்தில் அம்மாவின் கைரேகை விழவில்லை. அறுபது வருடம் நாற்று நட்ட விரல். மூன்று தரம் துடைத்து வைத்தும் மிஷின் சிவப்பு விளக்கைத்தான் காட்டியது. அப்படியானால் கண்ணைக் காட்டச் சொல்லுங்கள் என்றான் அங்கிருந்தவன். கண் சரியில்லை என்றுதானப்பா இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்றேன். அவனுக்குத் தமிழ் தெரியும், சிரித்துவிட்டான். நான்கு தரம் அலைந்து காரியத்தை முடித்தேன்.

அம்மாவிடம் 'ஆஸ்பத்திரிக்குக் கையெழுத்து' என்று மட்டும் சொன்னேன். ஊர் ரேஷன் கார்டிலிருந்து பெயர் எடுக்கப்படும், ஓட்டும் நாளைக்கு இங்கே வந்துவிடும் என்பதையெல்லாம் சொல்லவில்லை. ஆபரேஷன் ஆகட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இப்படி நினைக்காத வெளியூர்ப் பிள்ளை யார் இருக்கிறார்கள்?

ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் ஆனது. இரண்டு மாதம் நான்கானது. ஊரில் தனியாக விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்று நான் ஆரம்பிப்பேன். மழை முடியட்டும், நிவேதாவுக்குப் பரீட்சை முடியட்டும் என்று முடிப்பேன். அம்மா நாள் முழுக்க ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமைகளில் மட்டும் குழந்தை இயேசு கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்கிற அந்தோணியம்மாளோடு பேசப் போவாள். சாமியைப் பார்க்கவா போனாள், தமிழில் யாராவது நாலு வார்த்தை பேசுவார்களா என்றுதான். வீட்டில் பேத்தி அவளை அஜ்ஜி என்று கன்னடத்தில் கூப்பிட்டாள்.

"ஆயான்னு கூப்புடுடி. அஜ்ஜின்னா யாரையோ கூப்புடற மாதிரி இருக்குது."

"எல்லார் வீட்லயும் அஜ்ஜிதான் அஜ்ஜி" என்று நிவேதா காதில் இருந்ததைக் கழற்றாமல் சொன்னாள்.

ஆடி முடிந்து அம்மா ஒரே ஒரு முறை வாய் விட்டுக் கேட்டாள். "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு காலுன்னு எத்தினி நாளு இருக்கறது?" எனக்குக் கோபம் வந்தது. அங்கே நீ கோவிந்தசாமி வீட்டு அரை, இங்கே கார்டில் பச்சையம்மாள் என்று முழுப் பெயர் போட்டிருக்கிறது, இங்கேதானே நீ முழு ஆள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் விலாசம் மாற்றிய கதை வெளியே வந்துவிடும் என்பதால் விழுங்கிவிட்டேன்.

5

மாசி மாதம் வீட்டுக் கணக்கெடுப்புக்கு ஒரு டீச்சர் வந்தார். இங்கே ஏதோ ஓர் அரசுப் பள்ளியில் வேலை. கழுத்தில் அடையாள அட்டை, கையில் போன். போனில் சிக்னல் கிடைக்காமல் மாடிப்படியில் நின்று எழுதினார். தண்ணீர் கொடுத்தேன், இரண்டு டம்ளர் குடித்தார். நல்ல மனுஷி, அவர் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது.

பெயர், வயது, வேலை, தாய்மொழி எல்லாம் கன்னடத்தில் கேட்டார். நான் கன்னடத்திலேயே சொன்னேன். சொந்த ஊர் என்று கேட்டபோது என்னை முந்திக்கொண்டு நிவேதா 'பேங்ளூர்' என்றாள். அவளுக்கு அது உண்மைதான். நான் திருத்தவில்லை.

அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்து, இவர் வந்து போகிறவரா, இங்கேயே இருக்கிறவரா என்று கேட்டார். வந்து போகிறவர் என்றால் எழுத வேண்டியதில்லை. ஆனால் ரேஷன் கார்டு அவர் கையில் இருந்தது, அதில் அம்மா பெயர் இருந்தது. இங்கே ஒன்று, அங்கே ஒன்று என்று மாற்றிச் சொல்லப்போய்க் கார்டு போய்விட்டால் அடுத்த கண்ணுக்கு, முட்டிக்கு, சர்க்கரைக்கு எங்கே போவது? டீச்சர் என் பதிலுக்குக் காத்திருக்காமல் அம்மாவைப் பார்த்து, தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகக் கேட்டார்.

"ஊருக்குத் திரும்பி போவீங்களா அம்மா?"

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

"இல்ல மேடம், இங்கதான். பர்மனென்ட்."

பர்மனென்ட் என்ற சொல் அம்மாவுக்கு நன்றாகத் தெரியும். அப்பா பதினொரு வருடம் தண்ணீர் திறந்துவிடுகிற தற்காலிக லஸ்கராக ஏரி மதகில் நின்றுவிட்டு, பர்மனென்ட் ஆகாமலே செத்துப்போனவர். எங்கள் வீட்டில் அதிகம் புழங்கிய இங்கிலீஷ் வார்த்தை அதுதான்.

டீச்சர் போன பிறகு அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து தன் ஆதார் அட்டையை எடுத்தாள். ஒரு பக்கம் கன்னடம், ஒரு பக்கம் இங்கிலீஷ். நிவேதாவிடம் நீட்டி, "இதுல எந்த ஊரு போட்டிருக்குது, படி" என்றாள். நிவேதா படித்தாள். "விவேக் நகர், பேங்ளூர். ஏன் அஜ்ஜி?"

அம்மா அட்டையை வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, அழுது, எப்படியோ தீர்ந்திருக்கும். அன்று ராத்திரிச் சோறும் வழக்கம்போல் சாப்பிட்டாள்.

6

இந்த ஆடிக்கு நானே போவதென்று முடிவு பண்ணினேன். குற்றம் குறுகுறுக்கும் என்பார்களே, அதுதான். அம்மாவின் முட்டி ஏழு மணி நேரப் பஸ்ஸைத் தாங்காது. அவள் அரையைக் கூப்பிடும்போது வீட்டு ஆளாக நான் நின்று குரல் கொடுப்பேன், பெண் குரல் கொடுப்பது வழக்கமில்லை என்று யாராவது சொன்னால் சண்டை போடுவேன். இதைச் சொன்னபோது அம்மா என்னை வெகுநேரம் பார்த்தாள். புரை எடுத்த கண், நன்றாகப் பார்க்கிற கண்.

"நீ எதுக்குடி அலையற" என்றாள் முதலில். பிறகு, "சரி, போயிட்டு வா. எத்தினி கூறு வெச்சாங்கன்னு மட்டும் எண்ணிக்கினு வா."

நிவேதாவைக் கூப்பிட்டேன். கறி வாங்கவா அவ்வளவு தூரம், சிவாஜிநகரில் கிடைக்காத கறியா என்றாள். தனியாகப் போனேன். அத்திபெலே தாண்டியதும் தமிழ்ப் பலகைகள் ஆரம்பித்தன. வழக்கமாக அந்த இடத்தில் ஒரு மூச்சு இறங்கும், அன்றைக்கு இறங்கவில்லை. திருவண்ணாமலையில் டவுன் பஸ் மாறி, கண்டக்டரிடம் 'ஒந்து வடகரம்பட்டு' என்று கன்னடமும் தமிழுமாகக் கேட்டேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "மேடம் எந்த ஊரு?" என்றார். வடகரம்பட்டுக்கு டிக்கெட் கேட்டவளைப் பார்த்துக் கேட்கிறார்.

மணலில் இலை வைத்து முடித்திருந்தார்கள். பெண்கள் கரையில் புங்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். கீழே இறங்கிப் போவது வழக்கமில்லை. அங்கிருந்தே எண்ணினேன், இரண்டு தரம் எண்ணினேன். ஏழுமலை நோட்டைப் பார்த்துக் கூப்பிட, ஒவ்வொன்றாக 'இருக்கோம்', 'இருக்கோம்' என்று குரல் வந்தது. பாதிக்கு மேல் பங்காளிகளின் குரல். ஒரே ஆள் ஐந்து வீட்டுக்கு இருக்கோம் என்றார். இல்லாதவர்களுக்கெல்லாம் இருக்கிற நாலு பேர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

வாழையிலை முடிந்து தாமரை இலை வரிசைக்கு வந்தான். நான் எழுந்து, முந்தானையைச் செருகிக்கொண்டு மணலில் இறங்கினேன். யாரும் தடுக்கவில்லை. இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், அவ்வளவுதான். சின்னசாமி வூட்டு அரை என்றான், அது புதிது. ரங்கநாதன் வூட்டு அரை. முனுசாமி வூட்டு அரை. ஒவ்வொரு பெயருக்கும் தொண்டையைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். கடைசி இலையையும் ஒருவர் எடுத்தார். ஏழுமலை நோட்டை மூடினான்.

"டேய், எங்க வூட்ட உட்டுட்ட."

அவன் என்னைப் பார்க்காமல் மணலைப் பார்த்தான். "பெரிம்மா உங்கிட்ட சொல்லலையாக்கா?"

"என்ன சொல்லல?"

நோட்டைத் திறந்து காட்டினான். அப்பா பெயரின் மேல் அடிக்கோல் வைத்து ஒரு கோடு. நீல மை, நன்றாகக் காய்ந்திருந்தது.

"மாசி மாசம் போன் பண்ணாங்க. நான் எவ்ளோ சொன்னன்க்கா. போன வருசம் மாதிரி நானே கொரல் குடுக்கறன் பெரிம்மான்னன். கேக்கல. 'எம்பொண்ணு என்ன அங்க எழுதிட்டாடா, ஒரு உசுர ரெண்டு எடத்துல எழுதக் கூடாது, இல்லாத ஆளுக்கு எல வெக்காத'ன்னாங்க. அடிச்சிட்டியா, அடிச்சிட்டியான்னு ரெண்டு தரம் கேட்டுட்டுத்தான் போன வெச்சாங்க."

அந்த அரையை நான் எவ்வளவு வெறுத்திருக்கிறேன். புருஷன் இல்லாவிட்டால் பொம்பளை பாதியா என்று கல்யாணத்துக்கு முன்னாலேயே ஊரில் வாய் கிழியப் பேசியவள் நான். அந்த அரை இல்லாமல் போன நாளில், ஊரே பார்க்க, ஆற்று மணலில் உட்கார்ந்து அழுதேன். அங்கே அவளைப் பாதியாக்கியது ஊர். மீதிப் பாதியை எடுத்தது நான்.

ஏழுமலை தன் கூறில் பாதியை இலையோடு மடித்து நீட்டினான். "பெரிம்மாவுக்குக் கொண்டு போக்கா." நான் வாங்கவில்லை.

7

திங்கட்கிழமை காலை வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா ஜன்னல் பக்கத்தில்தான் இருந்தாள். நிவேதா காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கேட்பதற்கு வழி முழுக்க எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை, தெரிந்தே ஏன் என்னை அனுப்பினாய், ஊரே பார்த்துச் சிரிக்கவா. செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவள்தான் முதலில் கேட்டாள்.

"எத்தினி வெச்சாங்க?"

"நூத்தி எண்பத்தஞ்சரை."

அம்மா எழுந்து காலண்டர் பக்கம் போனாள். போன வருடத்துக் காலண்டரைப் புதியதற்கு அடியிலேயே தொங்கவிட்டிருந்தாள். நான் குறித்த எண்ணை விரலால் தடவிப் பார்த்தாள்.

"போன வருசம் எண்பத்தாறரை. நடுவுல சின்னசாமி பூட்டான், அவன் பொண்டாட்டி அரைக்கு எறங்கிட்டா. அதுல ஒரு அரை போச்சு." ஒரு விரலை மடக்கினாள். இன்னொரு விரலை மடக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை.

"சரியாத்தான் இருக்குது கணக்கு" என்றாள். "போய்க் குளி. பஸ்ஸுல வந்திருக்கற."

ஏழுமலை, அமைவிடம் மேலே எழுதியிருக்கிறேன். நோட்டின்படி மக்கள் தொகை நூற்று எண்பத்தைந்தரை. அப்படியே அச்சில் போடலாம். அம்மா சரிபார்த்துவிட்டாள்.